பூட்டுடைத்துப் போட்ட ஊசி

அறுபதுகளின் தொடக்கத்தில் திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரிக்கு ஹைட்ரோகார்டிசோன் என்ற புது ஊசி மருந்து வந்து சேர்ந்தது. ரத்தத்தில் கிருமி பரவி, பிரஷர் விழுந்து, சாகக் கிடக்கிறவர்களைச் சில சமயம் மீட்டுவிடும் என்றார்கள். அப்பேர்ப்பட்ட மருந்தைக் கண்ட நோயாளிக்கும் கொடுத்துவிடக் கூடாது என்பதால், சூப்பிரண்டு ரத்தினவேல் அதை அலமாரியில் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

டாக்டர் அமிர்தராஜின் வார்டுக்கு ஒருநாள் ஜவுளிக்கடை தாஜுதீனைத் தூக்கிவந்தார்கள். காலில் ஆணி குத்திய புண் புரையோடி, விஷம் உடம்பெல்லாம் ஏறியிருந்தது. பெனிசிலினும் சலைனும் கொடுத்தும் பிரஷர் ஏறவில்லை. சூப்பிரண்டோ ஸ்ரீரங்கத்தில் சுகாதாரக் கண்காட்சி திறந்துவைக்கப் போயிருந்தார். தாஜுதீனின் மனைவி வஹீதா டாக்டர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது தாங்காமல் அமிர்தராஜ் சுத்தியலை வாங்கிப் பூட்டை உடைத்தார்.

தாஜுதீன் பிழைத்துக்கொண்டார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

"உயிருக்கு ஆபத்து இருந்தாத்தானே இந்த மருந்து?" என்று விசாரணையில் கேட்டார் ரத்தினவேல்.

"இருந்துச்சு சார்."

"இருந்திருந்தா செத்திருப்பாரே."

"மருந்து போட்டதால பிழைச்சார்."

"பிழைக்கிறவருக்கு எதுக்கய்யா மருந்து?"

அரசாங்கப் பூட்டைச் சேதப்படுத்தியதற்கு அமிர்தராஜைக் கண்டித்துவிட்டு, 'இனி உயிராபத்து ஐயந்திரிபற நிரூபிக்கப்பட்ட பின்னரே மேற்படி மருந்து வழங்கப்படும்' என்று உத்தரவு போட்டார்கள்.

பூட்டை உடைத்துப் போட்ட ஊசி என்று அதற்குள் ஊரெல்லாம் பேராகிவிட்டது. தாசில்தார் மச்சானுக்குத் தும்மல், போட்டார்கள். முனிசிபல் மெம்பருக்கு அரிப்பு, போட்டார்கள். பெரிய மனிதர்களின் உயிர் எப்போதுமே ஆபத்தில் இருப்பதாகக் கருதப்பட்டதால் நிரூபணம் கேட்கவில்லை. தில்லை நகரில் அந்த ஊசி போட்டுக்கொள்ளாத வீட்டில் சம்பந்தம் பேசவே யோசித்தார்களாம்.

மழைக்காலத்தில் உறையூர் நெசவாளி ஒருவர் தாஜுதீனைப் போலவே வந்து கிடந்தார். அமிர்தராஜ் இந்தத் தடவை முறைப்படி சூப்பிரண்டிடம் ஓடினார். ரத்தினவேலும் மறுபேச்சில்லாமல் வந்து அலமாரியைத் திறந்தார். உள்ளே ஒன்றுமில்லை.

"நேத்துக்கூட ஒண்ணு இருந்துச்சே. யார் எங்கிட்ட வாங்கிட்டுப் போனது?"

"நான்தான் சார். பாலக்கரையில எங்க மாமனாருக்கு முழங்கால் வலின்னு..."

"அடடா. இப்ப எப்படி இருக்கார்?" ரத்தினவேல் உண்மையான அக்கறையோடு கேட்டார்.

"நல்லா நடக்கிறார் சார்."

நெசவாளியைச் சாயங்காலம் தூக்கிக்கொண்டு போனார்கள்.