நடைபாதை மேசைக்காகச் சுட்ட வெங்காயம்

ஒரு நாட்டின் முன்னேற்றம், அந்நாட்டு மக்கள் வெங்காயத்தை எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. இது என் கருத்து அல்ல. நகர உணவு நாகரிக மேம்பாட்டுப் பிரிவின் துணை உதவி அதிகாரி, உயர்திரு கமலநாதன் அவர்கள் திருவாய் மலர்ந்தது.

மலர்ந்த இடம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பவுனம்மாளின் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. உள்ளே அடுப்பும் இரண்டு மேசையும் போக, நிற்க இடமில்லை. வியாபாரமெல்லாம் வெளியே நடைபாதையில் போட்ட மேசைகளில்தான். அந்த மேசைகள் போனால் கடையும் போச்சு. இது கமலநாதனுக்கு நன்றாகவே தெரியும். அவர் காலேஜில் படித்த காலத்தில் அங்கேதான் என் எதிரே உட்கார்ந்து, நான் கை கழுவப் போன நேரம் பார்த்து என் இலையில் இருந்த அப்பளத்தை எடுத்துத் தின்றார். நான் மறக்கவில்லை.

"ஆன்டி, இனிமே நவீன உணவகங்களுக்கு மட்டும்தான் வெளியே மேசை போட அனுமதி" என்றார்.

"நவீனம்னா எப்படி சார்? ஃபேன் மாத்தணுமா?"

"ஓவன்ல சுட்ட பதார்த்தம் ஒண்ணாவது இருக்கணும். அதுக்கு மேல சீஸ் இருக்கணும். இப்ப உலகமே அப்படித்தான் சாப்பிடுது."

கூட வந்த உதவியாளர் விஷ்ணுப்ரியா கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். வட்ட வட்டமாக வெட்டிய பெரிய வெங்காயம். மேலே சீஸ் உருகி, பொன்னிறமாகக் கொப்பளித்திருந்தது.

"இது சைட் டிஷ், ஆன்டி. இப்ப இதுதான் டிரெண்டிங்."

"நானும்தான் வெங்காயப் பச்சடி வைக்கிறேனேம்மா."

"அது பழசு லா, ஆன்டி."

பவுனம்மாள் செராஸில் இருக்கும் தம்பி வீட்டு ஓவனை லோரியில் ஏற்றிக் கொண்டுவந்தாள். அதை வைக்க இடம் வேண்டி, உள்ளே இருந்த இரண்டு மேசைகளையும் விற்றாள். வெங்காயத்தை வெண்ணெயில் வதக்கி, பாலில் மாவு கரைத்து ஊற்றி, மிளகு தூவி, சீஸைத் துருவிப் போட்டுச் சுட்டாள். கைப் பழக்கத்தில் கொஞ்சம் கறிவேப்பிலையும் போட்டுவிட்டாள்.

கமலநாதன் ஒரு கறிவேப்பிலையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது நவீனத்துக்கு முரணானது" என்று தீர்ப்பளித்தார்.

மறுபடி சுட்டாள். அன்று வெள்ளிக்கிழமை, கடையில் சைவம். விஷ்ணுப்ரியா சீஸ் பொட்டலத்தைப் புரட்டிப் படித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "சார், சில சீஸை உறைய வைக்க கன்றுக்குட்டி வயித்துல இருந்து எதையோ எடுப்பாங்களாம். இது அந்த ரகமா இல்லையான்னு இதுல போடல."

கமலநாதன் வாயருகே கொண்டுபோன கையை அப்படியே நிறுத்தினார். நீண்ட ஆலோசனைக்குப் பிறகு ஓர் ஆணை பிறந்தது: வெள்ளிக்கிழமைகளில் சீஸ் சைவமாகவும், மற்ற நாட்களில் நவீனமாகவும் இருத்தல் வேண்டும்.

அங்கே தினமும் சாப்பிடும் எங்களுக்கு ரத்தம் கொதித்தது. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாரிஸ் மேசையைத் தட்டினார். "இந்த வெங்காயத்தை எவன் தொட்டாலும் அவன்கூட நான் பேச மாட்டேன்!" நாங்கள் எல்லோரும் ஆமாம் என்றோம்.

இறுதிப் பரிசோதனை திங்கட்கிழமை மதியம். கமலநாதன் எங்கள் நடுவே உட்கார்ந்து, ஓவனிலிருந்து இறங்கிய வெங்காயத்தைக் கையால் அள்ளினார். சீஸ் இலையிலிருந்து வாய்வரை ஏறி, அங்கிருந்து அவருடைய அடையாள அட்டைக்கு இறங்கியது.

"அசையாதீங்க சார், நல்லா நீளமா வருது" என்று விஷ்ணுப்ரியா படம் எடுத்தார்.

வாசனை எங்கள் பக்கமும் வந்தது. மாரிஸ் எதிரியின் பலத்தை அறிந்துகொள்வதற்காக ஒரு வாய் மட்டும் கேட்டார். பிறகு எல்லோரும் எதிரியின் பலத்தை அறிந்துகொண்டோம்.

"வாழ்த்துகள் ஆன்டி. இனி இது நவீன உணவகம்" என்றார் கமலநாதன், தாடையைத் துடைத்துக்கொண்டே. "மேசைகளை எடுக்க லோரி வந்துருச்சு."

பவுனம்மாளுக்கு முகம் வெளுத்துவிட்டது. "மேசைக்காகத்தானே சார் நவீனமானேன்!"

"அனுமதி உங்களுக்கு உண்டு. ஆனா ஓவன் பதார்த்தம் சூடா இருக்கு. சூடானதை நடைபாதையில பரிமாறினா பொதுமக்களுக்கு ஆபத்து."

"அப்ப அந்தப் பதார்த்தத்தையே நிறுத்திடுறேன்."

"நிறுத்தினா நவீனம் போயிடுமே. நவீனம் போனா அனுமதியும் போயிடும்."

"உள்ளே உட்கார வைக்கட்டுமா?"

"உள்ளேதான் ஓவன் இருக்கே, ஆன்டி."

லோரிக்காரர்கள் இறங்கினார்கள். "அங்கிள், இலையைக் கொஞ்சம் தூக்குங்க" என்றான் ஒருவன் மரியாதையாக. மாரிஸ் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டார். அடியிலிருந்த மேசை போனது. அடுத்தவரும் தூக்கினார். வரிசையாக ஒவ்வொருவராக இலையை ஏந்திக்கொண்டு எழுந்து நின்றார்கள்.

என் மேசைக்கு வந்தபோது, "நிறுத்துங்கடா!" என்று கத்தினேன். லோரிக்காரன் கையை எடுத்தான். கமலநாதன் நிமிர்ந்து பார்த்தார்.

பவுனம்மாள் கண் கலங்க, கரண்டியோடு ஓடிவந்தாள். "அண்ணே, நீங்களாவது வாயைத் திறந்தீங்களே!"

"பவுனு," என்றேன், "மேசை போறதுக்குள்ள வெங்காயம் இன்னும் கொஞ்சம் தம்பா, கூடப் போடு. மேல் பக்கமாப் பார்த்து, சீஸோட வை."

"எனக்கும் தம்பா லா" என்றார் மாரிஸ்.

எல்லா இலைகளும் அவள் பக்கம் நீண்டன. முதலில் நீண்டது கமலநாதனுடையது.