குறையாத டிரம்

டிரம்மில் கடலை எண்ணெய் மறுபடியும் இறங்கியிருந்தது. செல்வக்குமார் குச்சியை விட்டுப் பார்த்தார். குச்சியைத் திருப்பிப் போட்டும் பார்த்தார். இறங்கித்தான் இருந்தது.

கப்பலூரிலேயே எவர்சில்வர் தகட்டில் கடலை எண்ணெய் தடவி டம்ளர் அழுத்தும் பட்டறை அவருடையது ஒன்றுதான். பழைய மெஷின் ஆயிலால் வந்த கை அரிப்பு யாருக்கும் இல்லை. கழுவுகிற தண்ணீரில் கறுப்பு இல்லை. இதைக் கேள்விப்பட்டு ஒரு வெளிநாட்டுக் கம்பெனி பெரிய ஆர்டரோடு வந்திருந்தது. பார்க்க வருகிறவர் தலையாட்டினால் போதும். தல்லாகுளம் டீக்கடை வரைக்கும் இந்தப் பெருமையைச் சொல்லி முடித்திருந்தார்.

சிக்கல் என்னவென்றால், மெஷின் ஆயிலை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போனதில்லை. கடலை எண்ணெயில் முறுக்கு சுடலாம்.

"பூட்டுப் போடுங்கண்ணே," என்றான் பிரஸ் ஓட்டுகிற மருது.

போட்டார். அவர் சாவியோடு வெளியே போனபோதெல்லாம் பிரஸ் நின்றது. பூட்டை எடுத்தார். எண்ணெய் இறங்கியது.

மதியம் சோற்றுக்கூடையோடு பட்டறைக்கு வந்த மனைவி ஜெயக்கொடியிடம் புலம்பினார். கொஞ்ச நாளாகவே அவள் சுடும் வடை கமகமவென்று இருந்தது.

"சாமி எண்ணென்னு மாலையப் போட்டா எவன் தொடுவான்?" என்று கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார்.

"சாமியா?" என்றாள் ஜெயக்கொடி. போகும்போது கூடையை எடுக்க மறந்துவிட்டாள்.

மறுநாள் டிரம்முக்குத் திருநீறு பூசி மாலை சாத்தினார். "இது கருப்பசாமி எண்ணெ. தொழிலுக்கு மட்டுந்தேன். வீட்டுக்குக் கொண்டுபோனவுகள அவரே பாத்துக்கிருவாரு."

திருட்டு நின்றது. கூடவே எல்லார் காலிலும் பூட்ஸ் கழன்றது. இரும்பு அச்சு காலில் விழுந்தால் என்ன ஆவது என்று கத்தி, டிரம்மைச் சுவரோரம் தள்ளி, தரையில் ஒரு கோடு கிழித்தார். கோட்டுக்கு அந்தப் பக்கம் சாமி, இந்தப் பக்கம் பூட்ஸ்.

அதைவிட விநோதம், எண்ணெய் குறையவே இல்லை. நாளெல்லாம் டம்ளர் விழுந்தது. காலையில் பார்த்தால் டிரம் நிறைந்திருந்தது. தன் கையால் திருநீறு பூசிய செல்வக்குமாருக்கே கும்பிடத் தோன்றியது. கும்பிட்டார்.

கம்பெனியிலிருந்து வெங்கட்ரமணன் வந்தார். டம்ளரைத் தடவிப் பார்த்து, "நல்லா வந்திருக்கு," என்றார். பிறகு டிரம்மை எட்டிப் பார்த்தார். "எப்ப வாங்கினது?"

"போன மாசம் சார்."

"மாசம் பூரா ஓட்டியும் நிறைஞ்சிருக்கே. அப்ப தகட்டுல தடவுறது பழைய மெஷின் ஆயிலா?"

"கருப்பசாமி சார்..." என்று ஆரம்பித்த செல்வக்குமார், அது எடுபடாது என்று தெரிந்து நிறுத்திக்கொண்டார். வெங்கட்ரமணன் பையை மூடினார். கைக்கெட்டிய ஆர்டர் வாசலைப் பார்த்து நடக்கத் தொடங்கியது.

மருது தலையைக் குனிந்தபடி குறுக்கே வந்தான். "கடலெண்ணெதேன் சார் தடவுறோம். முன்னால வீட்டுக்குக் கொண்டுபோனத, ஆளுக்கு ஒரு பாட்டில்னு தெனம் திருப்பிக் கொண்டாந்து ஊத்துறோம். சாமி குத்தம் ஆகாதுல்ல."

மூலையில் காலிப் பாட்டில்கள் நின்றன. வெங்கட்ரமணன் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தார். முகம் இளகியது.

"எண்ணெய் திருடுற பட்டறை நிறையப் பாத்திருக்கேன். திருப்பி ஊத்துற பட்டறையை இப்பதான் பாக்குறேன். ஆர்டர் உங்களுக்குத்தான்."

செல்வக்குமாருக்குக் கண் கலங்கியது. உலகத்துக்கே டம்ளர் கொடுக்கப்போகிற பட்டறை. "என் பயலுக சார். என் வீட்டு ஆளுக மாதிரி," என்றார் நெஞ்சை நிமிர்த்தி. உடனே ஒரு சந்தேகம் வந்தது. "பாட்டில்ல ஊத்தியாடா இம்புட்டு நிறைஞ்சுச்சு?"

டம்ளர் கழுவிக்கொண்டிருந்த நாகஜோதி நிமிராமலே சொன்னாள்:

"நாங்க எடுத்ததுதான் பாட்டில்லண்ணே. மதினி சோத்துக்கூடையில டின்னோட எடுத்தாக, டின்னோட கொண்டாந்து ஊத்துறாக."