பதினொரு நாள் சின்ன வீடு

ஐம்பத்து மூன்று வயதில் எனக்கு ஒரு சின்ன வீடு இருக்கிறதென்று எங்கள் சொந்தக்காரர் எல்லாரும் பதினொரு நாள் நம்பினார்கள். அந்தச் சின்ன வீட்டில் ஒரு கைக்குழந்தையும் இருந்ததாம். இதில் எனக்கு ஒரு வருத்தம்தான். கட்டிய பெஞ்சாதியிடமே மூன்று சொல்லைச் சேர்த்துப் பேசத் திணறுகிறவன், இன்னொரு பெண்ணிடம் என்னத்தைப் பேசி மயக்கியிருப்பான் என்று ஒருவராவது யோசிக்கவில்லை.

கூச்சம் என் பிறவிக் குணம். தெரிந்த ஆள் எதிரே வந்தால் குனிந்து சைக்கிள் செயினைப் பார்ப்பேன். (நடந்து போகும்போதும் குனிவேன். பார்க்கச் செயின் இருக்காது.) நல்ல வேளையாக என் தொழில் சைக்கிள் திருத்துவது. வாவிக் கரை ரோட்டில் தகரக் கூரை போட்ட கடை. சைக்கிள் தன் வருத்தத்தைத் தானே சத்தம் போட்டுச் சொல்லிவிடும். நான் வாயைத் திறக்க வேண்டியதில்லை.

எங்கள் வீடு தன்னாமுனையில். எங்கள் வீடு என்று பழக்கத்தில் சொல்கிறேன். அது என் பெஞ்சாதி திரேசாவின் சீதன வீடு. இரண்டு ஒழுங்கை தள்ளி அவளுடைய அண்ணன், அதாவது என் மச்சான், தன் பெஞ்சாதி கொன்சியோடு இருந்தார். ஒரு வியாழக்கிழமை அவருடைய சைக்கிளுக்குப் பின் டயர் மாற்ற வீட்டுக்கே வரச் சொல்லி ஆள் அனுப்பினார். போனேன்.

முற்றத்தில் குந்தியிருந்து வேலை செய்துகொண்டிருந்தேன். மச்சான் விறாந்தையில் கதிரை போட்டுத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். ஒரு பூனைக்குட்டி, உள்ளங்கை அளவுதான் இருக்கும், நடக்கத் தெரியாமல் நடந்து அவருடைய காலடிக்கு வந்தது. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கோப்பையில் இருந்த தேத்தண்ணியை அதன் முதுகில் ஊற்றினார். அது கத்தியபடி உருண்டது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

நான் நட்டை இறுக்கினேன். அது ஏற்கெனவே இறுகியிருந்த நட்டு. இந்தக் கதையைச் சொல்லிப் பலரைச் சிரிக்க வைத்திருக்கிறோம். ஆனால் அந்த நட்டைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை. இங்கேதான் எழுதுகிறேன்.

வேலை முடிந்ததும் மச்சான் குளிக்கப் போனார். கொன்சி எனக்குக் கை கழுவத் தண்ணீர் கொண்டு வந்தாள். ஒரு கையில் செம்பு, மறு கையில் பழைய துணிப் பொட்டலம். பொட்டலத்தை, நட்டுச் சாவிகள் கிடந்த என் ஆயுதப் பைக்குள் வைத்துவிட்டுக் கிணற்றடிப் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"இதையாவது கொண்டு போங்க அண்ணன். தாய்ப் பூனையை நேத்து அடிச்சே கொன்னுட்டார்."

"இதையாவது" என்ற சொல் வழியெல்லாம் என் காதில் கிடந்தது. அதற்கு மேல் அதை யோசிக்க எனக்குத் தைரியம் இருக்கவில்லை.

திரேசாவிடம் சொல்ல முடியாது. சொன்னால் அடுத்த நிமிஷம் அண்ணன் வீட்டு வாசலில் நிற்பாள், கத்துவாள், திரும்பி வந்துவிடுவாள். அங்கேயே இருக்கப் போகிறவள் கொன்சி. கொன்சிதான் தந்தாள் என்று மச்சானுக்குத் தெரிந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஆகவே குட்டியைக் கடையில் ஒளித்தேன். தேய்ந்த டயர் ஒன்றுக்குள் சாக்கு மடித்துப் போட்டுப் படுக்க வைத்தேன். மிருக வைத்தியர் முதுகுக்குக் களிம்பு தந்து, வயது மூன்று கிழமைதான், மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தரம் பால் கொடுக்காவிட்டால் தப்பாது என்றார். குழந்தைப் பால்மா என்றாலும் பரவாயில்லையாம்.

பாமசியில் மருந்து எடுத்துக் கொடுக்க நின்றவள் எங்கள் ஒழுங்கைப் பிள்ளை. என்னைக் கண்டதும், "என்ன மாமா வேணும்?" என்றாள்.

பூனைக்கு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பின்னால் நான்கு பேர் நின்றார்கள். பூனைக்குப் பால்மா வாங்குகிற ஆம்பிளை என்று சிரிப்பார்களே என்று வெட்கம். எங்கள் பக்கத்தில் பூனையின் குட்டியும் புள்ளதான், மனிசரின் குட்டியும் புள்ளதான். அதனால் நான் சொன்னது பொய்யும் இல்லை.

"சின்னப் புள்ளைக்குப் பால்மா."

"எத்தின மாசம் மாமா?"

"மாசம் ஆகல்ல. மூணு கிழமை."

"தாய்ப்பால் இல்லயா?"

"தாய் இல்ல மளே."

அவள் பால்மாவை எடுத்துத் தந்தாள். கண் கலங்கியிருந்தது. நான் அத்தோடு போயிருக்க வேண்டும். போகவில்லை. அவள் பக்கம் சாய்ந்து, என் வாழ்நாளிலேயே பெரிய முட்டாள்தனத்தைச் சொன்னேன்.

"ஆரிட்டயும் சொல்லிப்போடாத."

(அவள் ஆரிடமும் சொல்லவில்லை. தாயிடம் மட்டும்தான் சொன்னாளாம்.)

போத்தல் சூப்பி குட்டியின் வாய்க்குப் பெரிது. சைக்கிள் வால்வுக்குப் போடும் மெல்லிய ரப்பர்க் குழாயைக் கொதிநீரில் போட்டெடுத்து, சொட்டு மருந்துக் குப்பியில் மாட்டினேன். குடித்தது. நான் திருத்திய சாமான்களில் அதுவே சிறந்தது. ஆனால் கை மேலிருந்து வந்தால் குட்டி கண்ணை இறுக்கி மூடித் தலையைச் சரித்துக்கொள்ளும். அடி விழுந்து முடியட்டும் என்று காத்திருப்பதுபோல் இருக்கும். ஆகவே தரையோடு தரையாகக் கையைக் கொண்டுபோகப் பழகினேன். கடைக்கு வந்தவர்கள் நான் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறேன் என்று நினைத்தார்கள்.

விடியும் முன் கடைக்குப் போனேன். இராச் சாப்பாடு முடிந்தும் போனேன். நாலாம் நாள் திரேசா என் சேட்டைத் தோய்க்க எடுத்து மோந்து பார்த்தாள்.

"சேட்டுல பால் மணக்குது."

"ஓம்," என்றேன்.

என்னிடம் இருந்த பதில் அவ்வளவுதான். அவள் சேட்டை வாளிக்குள் போட்டு அடித்த அடியில் மூன்று பொத்தான் தெறித்தது.

பதினோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கடை பூட்டு. வெயிலில் தகரத்துக்குக் கீழே குட்டியை விட மனமில்லாமல் ஆயுதப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். விறாந்தையில் கதிரைகள் வட்டமாகப் போட்டிருந்தன. பூசையால் வந்த உடுப்போடு மச்சான் நடுவில் இருந்தார். பக்கத்தில் திரேசாவின் சின்னம்மா. திரேசா அழுது முடித்த முகத்தோடு இருந்தாள். கொன்சி கதவு நிலையோடு ஒட்டி நின்றாள்.

"இரிங்க," என்றாள் திரேசா. இருபத்தெட்டு வருஷத்தில் அந்த வீட்டில் என்னைக் கதிரையில் இருக்கச் சொன்னது அதுதான் முதல் தரம். பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

"நான் சுத்தி வளைக்கல்ல," என்றார் மச்சான். "பால்மா வாங்கினயா இல்லயா?"

"வாங்கின."

"ஆருக்கு?"

"புள்ளைக்கு."

சின்னம்மா நெற்றியில் சிலுவை போட்டார். போட்டு முடியுமுன்னே, "என்ன புள்ள மனே?" என்று கேட்டார்.

"பொட்ட."

"தாய்க்காரி எங்க?" இது மச்சான்.

"செத்திட்டு."

திரேசா சேலைத் தலைப்பை வாயில் வைத்தாள். "செத்த மறுகாவது எனக்கிட்ட ஒரு சொல்லுச் சொன்னீங்களா? அந்தப் புள்ள என்ன பாவம் செய்த?"

அவள் அப்போதே அந்தப் பிள்ளையை வளர்க்க முடிவெடுத்துவிட்டாள் என்று எனக்கு விளங்கியது. வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல அது நல்ல நேரம். ஆனால் கொன்சி கதவடியில் நிற்கிறாள். எப்படிச் சொல்வது? அதற்குள் மச்சான் கதிரைக் கையில் தட்டினார்.

"ஆர்ர வீட்டுப் புள்ளடா அது? சொல்லு!"

எனக்குக் கதை கட்டத் தெரியாது. கேட்டதற்குப் பதில் சொல்லத்தான் தெரியும்.

"உங்கட வீட்டுப் புள்ளதான், மச்சான்."

மச்சானின் வாய் திறந்தபடி நின்றது. சின்னம்மா மெதுவாகக் கிறுகிக் கொன்சியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் கொன்சியைப் பார்த்தார்.

"செத்திட்டெண்டு சொல்றான். இவ உசிரோட நிக்கிறாளே கா!"

கொன்சி சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்து முடியாமல், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தாள். எத்தனையோ வருஷம் அவளுடைய சிரிப்புச் சத்தத்தை நாங்கள் யாரும் கேட்டதில்லை. அந்தச் சத்தத்துக்கு என் மடியில் இருந்த பை பதில் சொன்னது. மெல்லிய குரல்தான். ஆனால் எல்லாருக்கும் கேட்டது. நட்டுச் சாவிகளை விலக்கிக் குட்டியை எடுத்து வெளியே வைத்தேன். முதுகில் மயிர் போன இடத்தில் களிம்பு மினுங்கியது.

முதலில் விளங்கியது மச்சானுக்குத்தான். கதிரையை விட்டு எழும்பினார்.

"என்ட வீட்டுப் பூனை! என்ட வீட்டுல களவெடுத்திரிக்கான்!"

என்னைக் காட்டக் கையை ஓங்கினார். குட்டி கண்ணை இறுக்கி மூடித் தலையைச் சரித்தது. கதவடியில் கொன்சியும் கண்ணை இறுக்கி மூடித் தலையைச் சரித்தாள். கை அவள் பக்கம் போகவே இல்லை. அவள் அவ்வளவு தூரத்தில் நின்றாள்.

திரேசா இரண்டையும் பார்த்தாள்.

"ஓம். நான்தான் களவெடுத்த," என்றேன். கதை கட்டத் தெரியாது என்று மேலே எழுதினேன். அந்த ஒன்று எப்படி வந்ததென்று எனக்குத் தெரியாது.

"இல்ல," என்றாள் கொன்சி. "நான்தான் அண்ணன்ட பையில வெச்ச."

மச்சான் அவள் பக்கம் கிறுகினார். இடையில் திரேசா வந்து நின்றாள். கத்தப் போகிறாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"அண்ணன், ஆர்ர வீடெண்டு சொன்னீங்க?"

"என்ட வீடு!"

"அது கொன்சிட தாய் கொன்சிக்கு எழுதின வீடு. அதுல பிறந்த பூனையும் கொன்சிட. அவட சாமானை அவ குடுத்த. இதுல களவு எங்க இரிக்கு? நீங்களும் இந்த மனிசனும் ஆளுக்கொரு றங்குப் பெட்டியோட பொம்புளைட வீட்டுக்கு வந்த ஆக்கள். அந்த வீட்டை விட்டு ஆரும் வெளிக்கிடுறதெண்டா நீங்கதான் வெளிக்கிடணும். கொன்சி இண்டைக்கு இஞ்ச நிக்கட்டும்."

(என் றங்குப் பெட்டி இப்போதும் கட்டிலுக்குக் கீழேதான் இருக்கிறது. கைபிடிக்கு எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன்.)

மச்சான் சின்னம்மாவைப் பார்த்தார். சின்னம்மா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மச்சான் படி இறங்கிப் போனார்.

கொன்சி ஒரு நாளைக்கென்று நின்றது மூன்று கிழமை ஆனது. அந்த மூன்று கிழமையும் குட்டிக்கு அவள்தான் பால் கொடுத்தாள். ஒரு நாள் ரப்பர்க் குழாயைக் கழுவிக்கொண்டே, "நல்ல காலம் அண்ணன், நீங்க ஒருத்தருக்கும் சொல்லல்ல," என்றாள். எனக்கு அது நல்ல காலமாகப் படவில்லை. பூனையைக் கொண்டுவந்து பதினொரு நாள் பார்த்திருக்கிறேன். அதைப் பைக்குள் வைத்த கையைப் பற்றி அந்தப் பதினொரு நாளும் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. கூச்சம் என்று நான் பேர் வைத்திருந்தது எல்லாமே கூச்சம் இல்லை.

பிறகு திரேசாவும் சின்னம்மாவும் அவளைக் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார்கள். மச்சான் இப்போது கதிரவெளிப் பக்கம் ஒரு கருவாட்டு வாடியில் இருக்கிறார். நத்தார்ப் பண்டிகைக்கு வருவார். கொன்சி கேற்றடியில் நின்று கதைத்து அனுப்புவாள்.

பூனை எங்களோடுதான். திரேசா அதற்கு வைத்த பேர் "சின்னவீடு". சாப்பாட்டு நேரத்தில் "சின்னவீடு, வா கா!" என்று ஒழுங்கைக்கே கேட்கக் கூப்பிடுவாள். பங்குக்குப் புதிதாக வந்த சுவாமியார் அதைக் கேட்டுவிட்டு என்னோடு இரண்டு மாதம் சரியாகக் கதைக்கவில்லை. (நானும் விளக்கம் சொல்லப் போகவில்லை.)

கலியாண வீடு, ஞானஸ்நானம், எங்கே போனாலும் இந்தக் கதை வரும். சொல்வது கொன்சி. என் முணுமுணுப்பு, சின்னம்மாவின் சிலுவை எல்லாம் அப்படியே செய்து காட்டுவாள். முந்தின வருஷங்களில் மச்சான் பேசும் இடம் வந்தால் மட்டும் குரலைத் தாழ்த்தி, வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொள்வாள். அதற்காகவே நாங்கள் அந்த இடத்தில் முந்திச் சிரித்துவிடுவோம்.

இந்த வருஷம் அந்த இடத்தில் நாங்கள் முந்த வேண்டியிருக்கவில்லை. "ஆர்ர வீட்டுப் புள்ளடா அது?" என்று அவள் எழும்பி நின்று கதிரையில் அறைந்து கேட்டது மூன்றாவது வீட்டுக்குக் கேட்டிருக்கும்.