டாக்டர் டூகன் குந்தி எழுந்தார்

இளம்பெண் ஒருத்தி கதவைத் தள்ளிக்கொண்டு வந்ததுமே டாக்டர் டூகன் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார். எழுபது தாண்டியவர் ஹாமில்டன் உருக்காலையில் தொடர்ந்து வேலை பார்க்க, வெளி டாக்டர் ஒருவர் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஆலை டாக்டரான டூகனுக்கும் அதே விதிதான்; இன்றுதான் அந்தச் சோதனை. அவருக்கு இன்னும் ஒரு வருஷம் வேண்டும். உலைச் சத்தம் இல்லாத வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வார்?

“நான் டானிகா. டெஸ்டுக்கு வந்திருக்கேன்.”

“தெரியும், வாங்க. நானே ஆரம்பிக்கிறேன்!”

சுவரிலிருந்த கண் பரிசோதனை அட்டையைக் கடைசி வரிவரை கடகடவென்று ஒப்பித்தார். உலைக்கூடத்து புரூனோ ஒருகாலத்தில் இப்படித்தான் மனப்பாடம் செய்து வந்து இவரிடம் மாட்டினான். என்ன திட்டு வாங்கினான், பாவம்! இன்று இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பான். 

“டாக்டர், அட்டையில வேற எழுத்துல்ல இருக்கு?” என்று டானிகா தானே சரியாகப் படித்துக் காட்டினாள். நர்ஸ் மார்ஜ் நேற்றுதான் புது அட்டை மாட்டியிருந்தாள்.

டூகனுக்கு வியர்த்தது. கண் போனால் போகட்டும், முழங்காலைக் காட்டிவிடலாம் என்று குந்தி எழுந்தார். அவளும் குந்தி எழுந்தாள். இந்தக் காலத்து டாக்டர்கள் எவ்வளவு மரியாதையானவர்கள்! இவர் வேகத்தைக் கூட்டினார். அவளும் கூட்டினாள்.

மரியாதை இல்லை, போட்டி. டூகனுக்கு ரோஷம் வந்துவிட்டது. பளு தூக்கும் சோதனைக்காக மூலையில் வைத்திருந்த மணல் பெட்டியைத் தூக்கினார். முதுகில் ‘கடக்’கென்றது. அவள் பெட்டியை வாங்கித் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள்.

“போதுமா டாக்டர்?”

டூகனால் நிமிர முடியவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடியே பேசினார்.

“கண்ணும் சரியில்ல, முதுகும் போச்சு. ஒத்துக்கறேன். ஆனா இங்க எவன் இருமினாலும் யாருன்னு எனக்குத் தெரியும்மா. அவங்க அப்பனுங்க இருமலும் தெரியும். இன்னும் ஒரே வருஷம் குடுங்க!”

“அதை எதுக்கு என்கிட்ட கேக்கறீங்க?” என்று டானிகா விழித்தாள்.

மார்ஜ் எட்டிப் பார்த்தாள்.

“கிரேன் ஓட்ட வந்த பொண்ணை இன்னும் நீங்க சோதிச்சு முடிக்கலையா? உங்களைச் சோதிக்க வந்த டாக்டர், நீங்க குந்தி எழுந்ததைக் கதவுக் கண்ணாடி வழியாப் பாத்துட்டு, ‘புதுசா வர்றவங்களுக்கு இந்த வயசுல தானே செஞ்சு காட்டுறாரே!’ன்னு ஒரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டு அப்பவே போயிட்டார்!”