இருபதுக்கு முட்டை

என் மனைவி மனோரஞ்சிதம் ஹட்டனுக்கு இங்கிலீஷ் படிக்கப் போவதைத் தடுத்தே தீருவது என்று போன தை மாதம் முடிவெடுத்தேன்.

நான் படிப்புக்கு எதிரியில்லை. மஸ்கெலியாவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் பதினாறு வருஷமாகக் கிளாக்கர். ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி’ எழுதி எழுதியே தேய்ந்த விரல் இது. அவளுக்குப் பிள்ளைக்காம்பராவில் வேலை. கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் விட்டுப்போகும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கே பொறுப்பாளராக இருந்த அம்மா ஓய்வு பெறப் போகிறார். அந்த இடத்துக்கு வர ஓர் இங்கிலீஷ் சோதனை பாஸ் பண்ண வேண்டும். அதற்கு ஹட்டனில் வகுப்பு நடக்கிறது. ஞாயிறுதோறும், காலையிலிருந்து மாலை வரை.

எனக்குப் பிரச்சினை இங்கிலீஷில் இல்லை, ஞாயிற்றில்தான். அவள் பஸ்ஸில் ஏறிவிட்டால் அடுப்பில் எதை ஏற்றுவது, யார் ஏற்றுவது?

இதை அவளிடம் நேராகச் சொல்கிற தைரியம் எனக்கு இல்லை. வளைத்துச் சொன்னேன்.

“எதுக்கு ரஞ்சிதம் ஹட்டனுக்கு? பனியில பஸ்ஸுக்கு நிக்கணும். வீட்டுலயே வாத்தியார் இருக்கறப்ப.”

“யாருங்க?” என்று சுற்றுமுற்றும் பார்த்தாள்.

“நான்தான். தெனம் சாயங்காலம் இருபது கேள்வி போடுறேன். ஒவ்வொன்னுக்கும் நாலு விடை இருக்கும். சரியானதுக்குக் கீழ கோடு போடு. பத்து எடுத்தின்னா நானே கூட்டிட்டுப் போய் வகுப்புல சேத்து விடுறேன்.”

“எடுக்கலன்னா?”

“எடுக்கிற வரைக்கும் வீட்டுல படி.”

“சரிங்க” என்றாள். அவள் இவ்வளவு சுலபமாகச் சரி சொன்ன போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

போனில் வினா விடைகள் கொட்டிக் கிடந்தன. பல்லை உடைக்கிற கேள்விகளாகப் பொறுக்கித் தாளில் எழுதினேன். விடையைப் பார்க்க வேண்டுமானால் ஒவ்வொரு தடவையும் ஒரு விளம்பரத்தை முழுசாகப் பார்க்கச் சொன்னது. பதினாறு வருஷ அனுபவம் பின்னே எதற்கு? விடைகளை நானே எழுதிக்கொண்டேன்.

முதல் நாள், இருபதுக்கு முட்டை.

“ஒன்னு கூடவாங்க சரியில்ல?”

“ஒன்னு கூட இல்ல” என்றேன். முகத்தை வருத்தமாக வைத்துக்கொள்ளப் பெரும்பாடு பட்டேன்.

“மனசு அதுல நிக்க மாட்டேங்குதுங்க. கேள்விய வாசிக்கிறப்பவே ரொட்டிக்கு மா பெசையணுமேன்னு ஓடுது.”

இங்கேதான் தவறு செய்தேன். வாத்தியார் மேல் குறை வந்துவிடக் கூடாதே என்று, “ரொட்டிய நான் பாத்துக்கிறேன், நீ படி” என்று சொல்லிவிட்டேன்.

இரண்டாம் நாள் நான் சுட்ட ரொட்டிக்கு ஆறு மூலை இருந்தது. அவள் தாளில் மறுபடியும் முட்டை.

“இன்னைக்கு என்ன?”

“துணி ஊறிக்கிட்டு இருக்குதுங்க. அதே நெனப்பு.”

துணியை நான் எடுத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் தேங்காய்ச் சம்பல் இடிக்கிற நினைப்பு. நான்காம் நாள் பாத்திரம். பத்து நாளில் அவள் மனசில் ஒரு வேலையும் மிச்சமில்லை, எல்லாம் என் கைக்கு வந்திருந்தன. ஒரு ஞாயிற்றைக் காப்பாற்றப் போய் ஏழு கிழமையையும் பறிகொடுத்து நின்றேன்.

ஆனாலும் உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. நான் கேள்வி போட்டேன், அவள் முட்டை போட்டாள். முப்பது தாள், முப்பது முட்டை. ஒரு நாள் மட்டும் பாவம் பார்த்து லேசான கேள்வி ஒன்று வைத்தேன். ஒரு பூனை ‘கேட்’ என்றால் இரண்டு பூனைகள் என்ன? அவள் ‘கேட்டர்’ என்பதற்குக் கோடு போட்டாள். அன்று நிஜமாகவே எனக்குக் கண் கலங்கியது. இந்த மனுஷியை ஹட்டனுக்கே அனுப்பியிருக்கலாமோ என்றுகூடத் தோன்றியது. தூங்கி எழுந்ததும் அது சரியாகிவிட்டது.

சோதனை நாள் வந்தது. “சும்மா எழுதித்தான் பாக்கிறேங்க” என்றாள். “தைரியமா போ, விழுந்தா நான் இருக்கேன்” என்று பஸ் ஏற்றி விட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஆபீசுக்குக் கடிதம் வந்தது. தோட்டத்து மானேஜர் துரையே என்னைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தார். மனோரஞ்சிதம், நூற்றுக்கு எண்பத்து நான்கு புள்ளி. பொறுப்பாளர் வேலை அவளுக்குத்தான்.

கடிதத்தோடும் முப்பது தாளோடும் நேராகப் பக்கத்து வீட்டுப் பிரதாபன் சேரிடம் போனேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பெருமையை இன்னொரு வாத்தியாரிடம் சொன்னால்தானே மதிப்பு.

“பாருங்க சேர், என் பயிற்சிய. முப்பது நாள் முட்டை வாங்கினவ, சோதனையில எம்பத்திநாலு.”

அவர் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

“வைரவண்ணே, நாலு விடையில ஒன்னு சரி. கண்ண மூடிக்கிட்டுக் கோடு போட்டாலே இருபதுல அஞ்சு சரியா வரும்.”

“அவளுக்கு அதிர்ஷ்டம் இல்ல சேர்.”

“ஒரு நாளைக்கு இல்லாமப் போகலாம். இது அறுநூறு கேள்வி. ஒன்னு கூடச் சரியா வரலன்னா, சரியானது எதுன்னு தெரிஞ்சுதான் ஒதுக்கியிருக்காங்க.”

வீட்டுக்கு வந்தேன். நான் ஊற்றி வைத்துவிட்டுப் போன தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தாள்.

“ரஞ்சிதம், உனக்கு எல்லா விடையும் தெரியுமா?”

“தெரியுங்க.” மறைக்கவேயில்லை. “மத்தியானம் புள்ளைங்க தூங்குறப்ப அதே வினா விடைய போன்ல செஞ்சு பழகிருவேன். விளம்பரத்தையும் பொறுமையா பாப்பேன்.”

“பின்ன ஏன் பிழையா போட்ட? பத்து எடுத்திருந்தா வகுப்புக்கு அனுப்பியிருப்பேனே.”

“வகுப்புக்குப் போயிருந்தா ஞாயித்துக்கெழம மட்டுந்தானே நீங்க ரொட்டி சுட்டிருப்பீங்க.”

கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். அவள் விடவில்லை.

“லேசான வேலைன்னு நெனக்காதீங்க. சரியான விடையையும் தொடக் கூடாது, நீங்க சரின்னு நெனக்கிற விடையையும் தொடக் கூடாது. பல நாள் அது ரெண்டும் வேற வேறயா இருந்துச்சு. நீங்க நெனக்கிறது எதுன்னு உங்க மொகத்துலயே தெரிஞ்சிரும்.”

“என்னோடதுல பிழையா?”

என் கையிலிருந்த கட்டிலிருந்து ஒரு தாளை உருவினாள். “சாப்பாட்டுக்குப் பொறகு துரை இனிப்பு சாப்பிட்டாருன்னு வரணும். ‘டெஸர்ட்’டுல ரெண்டு எஸ் வரணும், நீங்க ஒன்ன விட்டுட்டீங்க. உங்க விடைப்படி அவரு பாலைவனத்தச் சாப்பிட்டிருக்காரு.”

அவள் பொறுப்பாளரானதில் எனக்குப் பெருமைதான். அதைச் சொன்னேன், அவளும் சிரித்தாள். ஆனால் ஆம்பளைக்கு மானம் என்று ஒன்று உண்டு. “நாளையிலருந்து அடுப்படிப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்க மாட்டேன்” என்றேன்.

“சரிங்க. நான் ஒரே ஒரு கேள்வி போடுறேன். நாலுல பிழையானது எதுன்னு சொல்லிட்டா, அடுப்ப நானே எடுத்துக்கிறேன்.”

தாளைக் கிழித்து எழுதினாள். ‘மை ஹஸ்பண்ட் ______ டின்னர்.’ கோடிட்ட இடத்துக்கு நாலு விடை: குக்ஸ், இஸ் குக்கிங், ஹேஸ் குக்ட், வில் குக்.

அரைமணி நேரம் உற்றுப் பார்த்தேன். முதலாவது பிழை போலிருந்தது, அப்புறம் சரி போலிருந்தது. நாலாவதும் அப்படியே. சந்தேகம் தீராமல் தாளை எடுத்துக்கொண்டு வேலியோரம் போய்ப் பிரதாபன் சேரிடம் நீட்டினேன்.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார்.

“நாலுமே சரிதான், வைரவண்ணே. போய் மாவப் பெசைங்க.”