மீதிப் பாதி மீன்

தட்டில் வந்ததை மட்டும் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் மீன் சந்தைக்குப் போகக் கூடாது. போனாலும் வாயைத் திறக்கக் கூடாது. நான் போகவும் செய்தேன், திறக்கவும் செய்தேன்.

ஆவணியில் கல்யாணமாகி, மலேசியாவின் கடலோர ஊரான மெர்சிங்குக்கு வந்தேன். பிறந்தது உள்நாட்டு ஊரான பாலோவில்; செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே கடலைக் காலண்டரில்தான் பார்க்கலாம். சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது கேன்டீனில் பிளேஸ் என்ற சீமை மீனின் வறுவல் சாப்பிட்டிருக்கிறேன். (ரொட்டித்தூள் போர்த்திய ஒரு துண்டு. தலை, வால் எதையும் கண்டதில்லை.) அந்தத் தகுதியை வைத்துக்கொண்டு, புரட்டாசி விரதம் முடிந்த மறுநாள் வீட்டின் முதல் மீனை நானே வாங்கிச் சமைக்கிறேன் என்று அறிவித்தேன். மாதம் முழுக்கக் காய்கறியோடு மல்லுக்கட்டிய மாமனார் காலையிலிருந்தே அடுப்படியைச் சுற்றிச் சுற்றி வந்தார். எப்படியாவது நல்ல பேர் வாங்கிவிட வேண்டும் என்று சந்தைக்குக் கிளம்பினேன்.

பிளேஸ் மாதிரி வேண்டும் என்று கேட்டதும், கடைக்காரர் நல்ல தட்டை மீன்களாகப் பார்த்துக் கொடுத்தார். வீட்டில் கழுவும்போதுதான் திருப்பிப் பார்த்தேன். ஒரு பக்கம் பழுப்பு, இரண்டு கண். மறுபக்கம் வெள்ளை வெளேர், கண்ணே இல்லை. மீனை நடுவில் பிளந்து இன்னொரு பாதியை வேறு யாருக்கோ விற்றுவிட்டார் என்று முடிவு கட்டினேன். (ஒரு பாதியில் எப்படி இரண்டு கண் என்று மூளை கேட்டிருக்க வேண்டும். அது அன்று லீவு.) மாமியாரிடம்கூடச் சொல்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்கு ஓடினேன்.

"அண்ணே, மீதிப் பாதி எங்க?"

"எந்தப் பாதி, தங்கச்சி?"

"இந்தப் பக்கம் கண்ணே இல்ல பாருங்க. புது ஆளுன்னு பாதி மீன என் தலையில கட்டிட்டீங்க."

"அலமாக்," என்று தலையில் அடித்துக்கொண்டார் அவர். "இது வளர்றதே இப்படித்தான் லா. தரையில படுத்தே கெடக்கும், கண்ணு ரெண்டும் மேல் பக்கம் வந்துரும்."

இந்தக் கதையை நம்ப நான் என்ன சின்னப் பிள்ளையா? மீனை அங்கேயே போட்டுவிட்டு விறைப்பாக அடுத்த கடைக்கு நடந்தேன். விரதம் முடிந்த மறுநாள்; எல்லாக் கடையும் காலி. வேறு வழியில்லாமல் திரும்பி வந்தால், என் மீனையும் யாரோ வாங்கிப் போயிருந்தார்கள்.

நான் வீடு சேர்வதற்குள் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. அன்று மாமனாருக்கு டின்னில் அடைத்த சார்டின் மீனில் மிளகாய்ச் சம்பல். அழுதுகொண்டே பரிமாறினேன்.

"பரவால்லமா," என்றார். "இதுக்குத் தலையே கெடையாது. கண்ணு எங்கன்னு யாரையும் கேக்க வேணாம்."

மறுநாள் மாமியார் என்னைக் கையோடு சந்தைக்கு அழைத்துப் போனார். மீன் வாங்க நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஐஸ் பெட்டிக்குள் இறங்கி மூடிக்கொள்ளலாமா என்றிருந்தது எனக்கு. மாமியார் அதே தட்டை மீனை நிதானமாகப் புரட்டிப் பார்த்தபடி சொன்னார்: "சிரிங்க, சிரிங்க. பாதி மீனக் காணோம்னு ஓடி வந்து கேட்டவ. எம் மவன் சம்பளத்துல பாதி காணாமப் போனா சும்மா விடுவாளா?"

அந்த நிமிடமே அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. சிரிப்பு அப்படியே என் கணவர் பக்கம் சாய்ந்தது. இன்றுவரை அங்கேயே நிற்கிறது. சம்பள நாளில் அவர் கவரோடு வீட்டுக்குள் நுழைந்ததும் உள்ளேயிருந்து மாமியார் எனக்குக் குரல் கொடுப்பார்: "வாணி, திருப்பிப் பாத்தியா?"