வருமான வரிக்கு வாப்பா கேட்ட மன்னிப்பு

எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் யாரும் வருமான வரி கட்டியதில்லை. ஏமாற்றியெல்லாம் இல்லை. ஆண்கள் எல்லாருமே கடல் கடந்து போய்ச் சம்பாதித்தவர்கள். துபாயில் இவ்வளவு சம்பளம் என்று பேசினால் அவ்வளவும் கைக்கு வரும். யாருக்காவது குறைந்து வந்தால், அந்த ஆள் ஏதோ தப்புச் செய்து முதலாளியிடம் மாட்டிக்கொண்டார் என்று அர்த்தம். திருமலைராயன்பட்டினத்தில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

அப்படிப்பட்ட வீட்டில் முதன்முதலாக உள்நாட்டுச் சம்பளம் வாங்கப் போனவள் நான். சென்னையில் ஒரு மென்பொருள் கம்பெனி, ஆனால் வேலை வீட்டிலிருந்தே. வாப்பா அப்போதுதான் துபாய் மளிகைக் கடை வேலையை முடித்துக்கொண்டு முழங்கால் வலியோடு வந்திருந்தார். அவருடைய முதலாளி நல்ல மனிதர். எப்போது வேண்டுமானாலும் சொல், புது விசா அனுப்புகிறேன் என்று சொல்லியிருந்தார். அந்த நல்ல மனிதரை எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. என் பள்ளிக்கூடக் காலம் முழுக்க வாப்பா என்பவர் தொலைபேசியில் வரும் ஒரு குரல். இப்போதுதான் முழு ஆளாகக் கிடைத்திருக்கிறார். இனி நீங்கள் போகவே வேண்டாம், என் சம்பளம் போதும் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். அவர் முதலாளியிடம் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

வேலையில் சேர்ந்த வாரம் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் பேசினாள். வரி பிடிப்பதற்குப் பழைய முறை, புதிய முறை என்று இரண்டு உண்டு, எது வேண்டும் என்று கேட்டாள். (எங்கள் ஊர் யூனியன் பிரதேசம், பெட்ரோல் விலை குறைவு, அதனால் வருமான வரியும் குறைவாகத்தான் இருக்கும் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்ததை நான் அவளிடம் சொல்லவில்லை.) பழைய முறையில் சேமிப்பு, காப்பீடு, வாடகை எல்லாவற்றையும் காட்டி வரியைக் குறைக்கலாம், என்னென்ன செய்யப் போகிறீர்கள் என்று இப்போது குறிப்பிட்டால் போதும், ஆதாரம் ஜனவரியில் தரலாம் என்றாள். என் காதில் 'போதும்' என்ற வார்த்தையோடு வாக்கியம் முடிந்துவிட்டது.

நோன்புக்கு நிய்யத் வைப்பதுபோல, அதாவது மனதார எண்ணம் வைப்பதுபோல, நான் உட்கார்ந்து வரிசையாக நிய்யத் வைத்தேன். ஆயுள் காப்பீடு எடுப்பதாக நிய்யத். அஞ்சலகச் சேமிப்புக்கு நிய்யத். உம்மா வாப்பாவுக்கு மருத்துவக் காப்பீடு எடுக்கவும் நிய்யத். நான் பிறந்து வளர்ந்த அறைக்கு மாதாமாதம் வாப்பாவுக்கு வாடகை தருவதாகவும் ஒரு நிய்யத். (இந்த வாடகை விஷயம் வாப்பாவுக்கு இன்றுவரை தெரியாது. இதைப் படித்துத் தெரிந்துகொள்வார்.)

அதன் பலன் உடனே தெரிந்தது. ஜனவரி வரை வரி என்று ஒரு காசுகூடப் பிடிக்கவில்லை. சம்பளம் வந்ததும் போனை வாப்பாவிடம் நீட்டுவேன். துபாய் மாதிரியே முழுசா வருது பாத்தீங்களா என்று பீற்றிக்கொள்வேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு போய் எல்லாருக்கும் இறால் வைத்துப் பொரித்த வாடா வாங்கி வருவார். அந்த மாதங்களில் நான் இருந்த மிதப்பை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

ஜனவரியில் ஆதாரம் கேட்டார்கள். என்னிடம் நிய்யத் மட்டும் பத்திரமாக இருந்தது. பரவாயில்லை, வருடத்துக்கான மொத்த வரியையும் பிப்ரவரி, மார்ச் சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறோம் என்று பதில் வந்தது. பிப்ரவரியில் பாதிச் சம்பளம்தான் வந்தது. இது வாப்பாவுக்குத் தெரிந்தால் அன்றைக்கே விசாவுக்குச் சொல்லிவிடுவார் என்று எனக்குப் பயம். போனை நீட்டவில்லை. சம்பளம் தாமதமாகிறது என்று புளுகினேன். ஆனால் சம்பளச் சீட்டைக் கணினியில் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனதும் நான்தான். வாப்பாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. பிடித்தம் என்பதற்கான ஆங்கில வார்த்தை மட்டும் நன்றாகத் தெரியும்.

மறுநாள் காலை எங்கள் குழுவின் வீடியோ கூட்டம். பெட்டி பெட்டியாக முகங்கள், நடுவில் மேனேஜர் கவிதா மேடம். நான் என் வேலையைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தபோது பின்னால் அத்தர் வாசனை வந்தது. திரும்பினால் வாப்பா. பெருநாளைக்குப் போடுகிற வெள்ளைச் சட்டை, தலையில் தொப்பி. என் தோளுக்கு மேலே குனிந்து கேமராவைப் பார்த்துப் பேச ஆரம்பித்துவிட்டார்.

"வணக்கங்க மேடம். நான் நஸீமாவோட வாப்பா. புள்ளை என்ன தப்பு பண்ணுச்சோ தெரியலங்க. இதான் அதுக்கு மொத வேலை. நீங்க பெரிய மனசு பண்ணி மன்னிச்சு விட்டுடுங்க. சம்பளத்துல மட்டும் புடிக்காதீங்க. இனிமே தப்பு நடக்காம நான் பாத்துக்கிறேன்."

மைக்கை அணைக்கப் போனவள் பதற்றத்தில் ஒலியை அணைத்துவிட்டேன். நாங்கள் பேசுவது அங்கே கேட்கிறது, அவர்கள் பேசுவது எங்களுக்குக் கேட்கவில்லை. மேடம் வாயசைக்கிறார், வாப்பா சரிங்க சரிங்க என்று தலையாட்டுகிறார். ஒருவழியாக ஒலியைத் திரும்பக் கொண்டுவந்தபோது மேடம் சொல்லிக்கொண்டிருந்தார், "உங்க பொண்ணு ஒரு தப்பும் பண்ணல சார். அது கவர்மென்ட் புடிக்கிறது."

வாப்பாவின் முகம் இன்னும் இருண்டது. "கவர்மென்ட்டுக்கிட்ட என்னங்க தப்பு பண்ணுச்சு?"

பெட்டிகளில் ஒவ்வொரு முகமாகக் காணாமல் போயிற்று. எல்லாரும் கேமராவை அணைத்துவிட்டுச் சிரிக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. மேடம் மட்டும் சிரிக்கவில்லை. மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகப் போக வேண்டிய வரி மொத்தமாகப் போகிறது, சம்பளம் கூடினால் எல்லாருக்கும் இது உண்டு என்று பொறுமையாகச் சொன்னார். உங்களுக்குமா என்று வாப்பா கேட்டார். எனக்கு ரொம்ப அதிகம் சார் என்றார் மேடம். வாப்பா உண்மையிலேயே வருத்தப்பட்டு, அவர் சம்பளம் பெருகி பரக்கத் கிடைக்க துஆ செய்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தார்.

கூட்டம் முடிந்ததும் நான் அழுதுகொண்டே சண்டைக்குப் போனேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா என்று கத்தினேன்.

"கேட்டா சொல்லியிருக்க மாட்டே. தப்பு பண்ணி புடிச்சா வீட்டுல சொல்ல வாய் வராது. நானும்தான் சொல்லல."

எப்போது என்றேன்.

"நீ பொறந்தப்ப. லீவு முடிஞ்சிட்டு. ஒம் மூஞ்சிய பாத்துட்டு கெளம்ப முடியல. அப்புறமா போனேன், ரெண்டு மாசச் சம்பளத்த புடிச்சிட்டாங்க."

அடுப்படியிலிருந்து உம்மா கரண்டியோடு வந்து நின்றார். அந்த வருடம் கடையில் வியாபாரம் படுத்துவிட்டது என்றுதான் உம்மாவிடம் சொல்லப்பட்டிருந்தது. எனக்கோ சண்டை போட வந்தது மறந்தே போயிற்று. நீங்கள் திரும்பிப் போய்விடுவீர்களோ என்றுதான் மறைத்தேன் என்று சொல்லி இன்னும் பெரிதாக அழுதேன். அவ்வளவு நாளும் அதை வாய்விட்டுச் சொன்னதே இல்லை.

வாப்பா என் தலையில் கை வைத்தார். பிறகு என் எதிரிலேயே துபாய்க்குப் போன் போட்டு, நலம் விசாரித்துவிட்டு, விசா வேண்டாம் என்று சொன்னார். முதலாளி காரணம் கேட்டார் போலிருக்கிறது.

"எம் புள்ளை கவர்மென்ட்டுக்கே குடுக்குது மொதலாளி. இனிமே நான் வந்து என்ன செய்ய?"

மார்ச்சிலும் பாதிச் சம்பளம்தான். ஏப்ரலில் ஒரு கேள்வியும் கேட்காமல், ஆதாரம் எதுவும் தேவைப்படாத புதிய முறைக்கு மாறிக்கொண்டேன். அலுவலகத்தில் ஒவ்வொரு ஜனவரியிலும் ஆதாரம் கேட்டு வரும் அறிவிப்பின் கீழே, ஆதாரம் தராதவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் வாப்பாவை அழைத்துவரவும் என்று யாராவது ஒருவர் எழுதிவிடுகிறார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கதையை விளக்கும் பொறுப்பு கவிதா மேடத்துடையது. அவர் வாப்பா மாதிரியே பேசிக் காட்டுவார்.

ஊரில் கல்யாண வீடுகளில் மற்றவர்கள் தங்கள் பிள்ளைகளை டாக்டர் என்றும் வக்கீல் என்றும் அறிமுகப்படுத்துவார்கள். வாப்பா மட்டும் என்னைக் காட்டி, எம் மவ, வரி கட்டுது என்கிறார். எவ்வளவு என்று யாராவது கேட்டால், நான் உண்மையில் கட்டுவதைவிடக் கொஞ்சம் கூட்டியே சொல்கிறார்.